ருக்மிணி யாரைப் பார்த்துப் பாடுகிறாள்?

புனேக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வருஷம் வடா பாவ், இரண்டாம் வருஷம் கணபதி உற்சவம் என்று ஊர் மெல்லப் பழகிவிடும். மூன்றாவதோ நான்காவதோ வருஷத்தில், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர் வீட்டிலிருந்து ஒரு பாட்டு காதில் விழும். கல்யாணி மாதிரி இருக்கும், ஆனால் நம் கல்யாணி இல்லை. ஆர்மோனியம் மாதிரி ஏதோ பின்னால் இழைந்துகொண்டிருக்கும், ஆனால் அதைவிடக் கனம். பாடுவது ஆணா பெண்ணா என்று சட்டென்று தீர்மானிக்க முடியாது. பஜன் என்று நினைத்தால் பஜன் இல்லை, கயால் என்று நினைத்தால் மூன்றே நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

அதுதான் நாட்ய சங்கீதம். மராட்டி சங்கீத நாடகத்தின் பாட்டு.

நான் மாயவரம் பக்கத்தில் ஒன்பது வருஷம் வீணை கற்றுக்கொண்டவன். கச்சேரி செய்கிற அளவுக்கு வரவில்லை, ஆனால் யார் எங்கே ஸ்ருதி விலகுகிறார்கள் என்று தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. (இது ஒரு வியாதி. கல்யாண வீடுகளில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.) இருபது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் குப்பை கொட்டுவதில், வீணை உறைக்குள் போய்விட்டது; சங்கீத நாடகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இந்தப் பாட்டுகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அதைவிட, இவற்றைக் கேட்கும்போதெல்லாம் நம் ஊர் நாடகப் பாட்டைப் பற்றி ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம்.

மராட்டிக்காரர்கள் நவம்பர் 5-ஐ ரங்கபூமி தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1843-ல் சாங்லியில், விஷ்ணுதாஸ் பாவே என்பவர் சமஸ்தானாதிபதியின் ஆதரவில் 'சீதா ஸ்வயம்வர்' போட்டார். அதுதான் ஆரம்பம் என்பது இவர்கள் கணக்கு. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு யக்ஷகான கோஷ்டியைப் பார்த்துத்தான் சாங்லி ராஜாவுக்கு இந்த ஆசையே வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதில் நமக்கு ஒரு பங்கு உண்டு. தஞ்சாவூரை ஆண்ட மராத்திய ராஜா ஷாஹஜி (ஆட்சி 1684 முதல் 1712 வரை) மராட்டியிலேயே நாடகங்கள் எழுதியிருக்கிறார். சுவடிகள் சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. அதாவது சாங்லிக்கு நூற்றைம்பது வருஷம் முன்பே காவிரிக் கரையில் மராட்டி நாடகம் எழுதப்பட்டாகிவிட்டது. எதிர் வீட்டு ஆஜோபாவிடம் இதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தஞ்சாவூரும் எங்களுடையதுதானே" என்றார். என்ன பதில் சொல்ல!

பாவேயின் நாடகங்களில் எல்லாப் பாத்திரங்களுக்காகவும் சூத்திரதாரிதான் பாடுவார். நடிகர்கள் நிற்பார்கள், அசைவார்கள், வசனத்தை அப்போதைக்கப்போது இட்டுக்கட்டிப் பேசுவார்கள். பாத்திரமே தன் வாயால் பாடவேண்டும் என்று முறையாகக் கொண்டுவந்தவர் அண்ணாசாஹேப் கிர்லோஸ்கர். பார்சி கம்பெனி ஒன்றின் 'இந்திர சபா'வைப் பார்த்துவிட்டு, இதை மராட்டியில் செய்தால் என்ன என்று தோன்றி, 1880 அக்டோபர் 31 அன்று புனேயில் 'சங்கீத ஷாகுந்தல்' நாடகத்தை மேடையேற்றினார். 1882-ல் 'சௌபத்ர' வந்தது. சுபத்திரையைத் துரியோதனனுக்குக் கட்டிவைக்க பலராமன் ஆசைப்படுவதும், கிருஷ்ணன் குறுக்கே புகுந்து விளையாடுவதும்தான் கதை. இன்றுவரை மேடையேறிக்கொண்டிருக்கிறது.

கிர்லோஸ்கர் இன்றைய பெலகாவி ஜில்லாக்காரர். கன்னட மெட்டு, கீர்த்தனக்காரர் மெட்டு, லாவணி, வீட்டுப் பெண்கள் பாடும் ஓவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பாட்டு கட்டினார். ஷாகுந்தலில் கிட்டத்தட்ட 200 பாட்டு! பாட்டுக்கு நடுவே கொஞ்சம் வசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துப் பாட்டுகள் சின்னவை, கதையை நகர்த்துபவை. ராகத்தைப் பிழிந்தெடுக்கிற வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

அதை ஆரம்பித்து வைத்தவை இரண்டு நாடகங்கள். இரண்டும் காடில்கர் எழுதியவை. ஒன்று 1911-ல் வந்த 'மானாபமான்', மற்றது 1916-ல் வந்த 'ஸ்வயம்வர்'.

மானாபமானுக்கு மெட்டுப் போட்டவர் கோவிந்தராவ் டேம்பே. ஆர்மோனியத்தில் மன்னன். வடக்கத்திப் பாடகிகளின் டும்ரி, தாத்ரா வகைகளைக் கொண்டுவந்து மராட்டி வார்த்தைகளுக்குள் உட்கார வைத்தார். கதை சாதாரணம்தான். பணக்காரப் பெண் பாமினி, ஏழைச் சேனாபதி தைரியதரனை வேண்டாம் என்று அவமானப்படுத்திவிட்டு, அப்புறம் வனமாலா என்று மாறுவேஷத்தில் போய் அவனிடமே மனதைப் பறிகொடுக்கிறாள். ஆனால் மெட்டுகள்! எல்லோருக்கும் தெரிந்த 'சந்த்ரிகா ஹீ ஜணு' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன ராகம் என்று கேட்டால் இங்கே ஒருவர் ஆரபி என்பார், இன்னொருவர் தேவகாந்தார் என்பார். சிரிப்பு வரும். நம் ஊரில் பாட்டு கற்றுக்கொண்ட ஒவ்வொரு குழந்தையையும் மிரட்டிய கேள்வி இல்லையா அது? ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகணம் அவரோகணம் ஒன்றே. ஆரபி விறுவிறுவென்று போகும்; காந்தாரத்தையும் நிஷாதத்தையும் தொட்டும் தொடாமலும் தாண்டிவிடும். தேவகாந்தாரி நின்று, அசைந்து, நீட்டும். அந்தச் சண்டையைச் சுமந்துகொண்டு ஒரு தெற்கத்தி ராகம் மராட்டி நாடகக் கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறது.

இதே பாட்டை கிரானா கரானாவின் அப்துல் கரீம் கான் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். தியாகராஜரின் கரஹரப்ரியா கிருதி 'ராம நீ ஸமானமெவரு'வையும் அவர் தட்டில் கேட்கலாம். 1937 அக்டோபரில் பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிரை விட்டவர் அவர்தான். அவர் மகள் ஹீராபாய் பரோடேகரும் மகன் சுரேஷ்பாபு மானேயும் நாடகக் கம்பெனியே நடத்தினார்கள். கவனியுங்கள்: அந்தக் காலத்தின் பெரிய கயால் குடும்பம் ஒன்றுக்கு நாடகப் பாட்டு தீட்டு இல்லை.

ஸ்வயம்வருக்கு மெட்டுப் போட்டவர் பாஸ்கர்புவா பகலே. குவாலியர், ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்று கரானாக்களையும் கரைத்துக் குடித்தவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சங்கீத கலாநிதி நாடகக் கம்பெனிக்கு வந்து ஒத்திகையில் உட்கார்ந்து, "இந்த இடத்தில் ருக்மிணிக்கு வெட்கமா, கோபமா? அதைச் சொல்லுங்கள், ராகம் சொல்கிறேன்" என்று கேட்பது போல. யமன், பூப், பிஹாக், பீம்பலாஸ் என்று கயால் பந்திஷ்களையே எடுத்து ருக்மிணியின் வாயில் வைத்தார். நமக்குக் கல்யாணி, மோகனம், பெஹாக், ஆபேரி என்று கிட்டத்தட்டச் சொல்லிக்கொள்ளலாம்.

ருக்மிணியாக நடித்தவர் பால கந்தர்வர்.

நாராயண் ஸ்ரீபாத் ராஜ்ஹன்ஸ் (1888 – 1967). சின்னப் பையனாக இருந்தபோது பாடியதைக் கேட்டுத் திலகர் வைத்த பெயர் பால கந்தர்வன் என்பார்கள். 1905-ல் கிர்லோஸ்கர் கம்பெனியில் சேர்ந்தார். 1913-ல் சொந்தக் கம்பெனி. பெண் வேஷம்தான் கட்டுவார். அவர் கட்டிய புடவை மாதிரி, வைத்த பூ மாதிரி வேண்டும் என்று மஹாராஷ்டிரப் பெண்கள் கேட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. மானாபமான் முதல் நாளன்று அவருடைய குழந்தை இறந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தாமல் நடித்தார். தபலாவுக்கு அஹமத் ஜான் திரக்வா, சாரங்கிக்குக் காதர் பக்ஷ் என்று வருஷக் கணக்கில் கம்பெனியில் வைத்திருந்தார். பட்டும் அத்தருமாகச் செலவு செய்து கடனில் மூழ்கினார். 'ஒன்ஸ் மோர்' கேட்டுக்கேட்டு விடியற்காலை வரை ஆட்டம் போகும். (இந்த ஒன்ஸ் மோர் என்கிற வார்த்தை நம் கொட்டகைக்கும் இவர்கள் கொட்டகைக்கும் பொது. வெள்ளைக்காரன் நாடகத்துக்குக் கொடுத்த ஒரே சொத்து.)

சரி, அப்படி என்ன பாடினார்? இங்கே கொஞ்சம் நுணுக்கமாகப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

'நாத ஹா மாஜா' என்று யமனில் ஒரு பாட்டு. இவர் என் நாதர் என்று கிருஷ்ணனைப் பற்றி ருக்மிணி பெருமையோடு பாடுவது. பால கந்தர்வரின் தட்டைக் கேளுங்கள். ராகம் எங்கும் கலையவில்லை, அதேசமயம் ராகத்தைக் காட்ட வேண்டும் என்ற அவசரமும் இல்லை. தான்கள் வருகின்றன, ஆனால் வார்த்தை முடிந்த இடத்தில், மூச்சு வாங்குகிற நேரத்தில், ஒரு பெண் பேச்சின் நடுவே சிரித்துக்கொள்வது போலச் சின்னதாக வந்து போகின்றன. அந்த 'நாத' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும்போது ஒரு தடவை பெருமை, ஒரு தடவை கொஞ்சல், ஒரு தடவை 'தெரியுமா உங்களுக்கு' என்கிற மிடுக்கு. ஸ்வரம் ஏறக்குறைய அதேதான். அழுத்தம்தான் மாறுகிறது. பின்னணியில் ஆர்மோனியத்தின் அண்ணனான கால் ஆர்கன் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பதால் அவருக்குச் சங்கதிக்குச் சங்கதி இடைவெளி விட்டுப் பேச வசதியாக இருக்கிறது. தாளத்தில் அவர் கொஞ்சம் பின்னால் நடந்து வந்து, சமத்தில் மட்டும் அலட்டாமல் சேர்ந்துகொள்வார். கமகம் நம் அளவுக்கு இல்லை. நம் காதுக்கு முதலில் சப்பென்று இருக்கும். நாலு தடவை கேட்டபிறகுதான் கமகம் செய்கிற வேலையைச் சொல்லின் அழுத்தம் செய்கிறது என்று புரியும்.

இதே பாட்டை இன்று மேடையில் பாடுகிற இளைஞர்களைக் கேட்டால் பன்னிரண்டு நிமிஷம், அதில் எட்டு நிமிஷம் தான். கைதட்டலும் அதற்குத்தான். குரல் பிரமாதம், பயிற்சி பிரமாதம். ஆனால் ருக்மிணி எழுந்து போய் அரை மணி ஆகிவிட்டது! நேர் எதிர் உதாரணம் குமார் கந்தர்வர். 1965-ல் 'எனக்குப் புரிந்த பால கந்தர்வர்' என்ற அர்த்தத்தில் ஒரு நிகழ்ச்சியே செய்தார். பால கந்தர்வரைப் போலப் பாடவில்லை. குரலும் வேறு, மூச்சும் வேறு. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் யார் பாடுகிறாள், என்ன மனநிலை என்பதை விடவில்லை. என் கணக்கில் இந்த ஒரு சோதனை போதும். பாடகர் பாத்திரத்தை மறந்துவிட்டாரா இல்லையா? மற்றதெல்லாம் அப்புறம்.

1921 ஜூலை 8 அன்று மும்பையில் 'சம்யுக்த மானாபமான்' நடந்தது. திலகர் சுயராஜ்ய நிதிக்காக இரண்டு போட்டிக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்தன. பாமினியாகப் பால கந்தர்வர், தைரியதரனாக லலிதகலாதர்ஷ் கம்பெனியின் கேசவராவ் போஸ்லே. மைக் இல்லாத காலம். போஸ்லேயின் குரல் மேலே போய்க் கூரையைத் தட்டும் என்பார்கள். யார் ஜெயித்தார்கள் என்று இன்றும் இங்கே கிழவர்கள் சண்டை போடுவதுண்டு, இருவரும் நேரில் பார்த்தது போல. மூன்று மாதத்துக்குள் போஸ்லே செத்துப்போனார். வயது 31.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது? எனக்குக் கிட்டப்பா. செங்கோட்டைக்காரர், 1906-ல் பிறந்து 1933-ல் போனவர், 27 வயது. அதே மாதிரி கொட்டகையின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிற குரல். தியாகராஜ கிருதியையும் பாடுவார், அடுத்த நிமிஷம் கே.பி.சுந்தராம்பாளோடு மேடையில் பாட்டிலேயே வாக்குவாதம் பண்ணுவார். அவருக்கு முந்தைய தலைமுறையில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 – 1922) 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' என்று எழுதிக் குவித்தார். அதே பார்சி மெட்டு அலை நம் மேடைக்கும் வந்தது, அதே ஆர்மோனியம், அதே ஒன்ஸ் மோர். ஒரு விஷயத்தில் நாம் முன்னாலேயே இருந்தோம். இங்கே பெண் வேஷத்துக்கு ஆண்கள் இருந்த காலத்திலேயே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களைக் கொண்டே கம்பெனி நடத்தினார். பெண்கள் மேடையேறுவதை மராட்டிக்காரர்கள் லேசில் ஒப்புக்கொண்டுவிடவில்லை. பின்னாளில் பால கந்தர்வரோடு நடித்த கோஹர்பாய் கர்நாடகி வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமில்லை.

ஆக, சரக்கில் நாம் குறைந்தவர்கள் இல்லை. பிறகு ஏன் ஸ்வயம்வர் பாட்டை இங்கே பீம்சேன் ஜோஷி முதல் நேற்று வந்த பையன் வரை கச்சேரியில் பாடுகிறார்கள், பவளக்கொடிப் பாட்டை நம் சபாவில் யாரும் பாடுவதில்லை?

சினிமா வந்து கெடுத்தது என்பது பாதி உண்மை. சினிமா இங்கேயும்தான் வந்தது. 1932-ல் வந்த முதல் மராட்டிப் பேசும்படம் 'அயோத்யேசா ராஜா'வில் ஹரிச்சந்திரனாக நடித்தவரே மானாபமானுக்கு மெட்டுப் போட்ட டேம்பேதான். 1935-ல் பால கந்தர்வரும் 'தர்மாத்மா' படத்தில் நடித்தார். கம்பெனிகள் இங்கேயும் ஒவ்வொன்றாக விழுந்தன. நம் வித்வான்களும் சினிமாவுக்குப் போனார்கள். ஜி.என்.பி. நடித்தார், மஹாராஜபுரம் விஸ்வநாதய்யர் நடித்தார், முசிறி 'துகாராம்' ஆகவே நடித்தார். சினிமாவுக்குப் போகத் தயங்காதவர்கள், கம்பெனி நாடகப் பாட்டைக் கச்சேரிக்குள் விடத் தயங்கினார்கள். அங்கேதான் வித்தியாசம். இங்கே பகலே மாதிரி ஒரு குரு கொட்டகைக்குள் போனதால், அவருடைய சிஷ்யர்களும் சிஷ்யர்களின் சிஷ்யர்களும் அந்தப் பாட்டைக் கச்சேரியில் பாடக் கூச்சப்படவில்லை. நம் ஊரில் கொட்டகைக்காரர் வேறு, கச்சேரிக்காரர் வேறு என்று ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தக் கோட்டில் சங்கீதம் கொஞ்சம்தான் இருக்கிறது. யார் எந்த ஜாதி, யாரோடு யார் மேடை ஏறலாம் என்கிற சமாச்சாரம்தான் அதிகம்.

நாடகப் பாட்டு கச்சேரியில் பாடுவதே இல்லையா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. பாடுகிறோம். அருணாசலக் கவிராயரின் 'ராம நாடகம்', கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரம்' இரண்டும் சபாக்களில் செல்லக் குழந்தைகள். ஆனால் எப்படிப் பாடுகிறோம்? 'யாரோ இவர் யாரோ' பாட்டைப் பைரவியில் டி.கே.பட்டம்மாள் பாடிக் கேட்டு உருகாதவர்கள் யார்? மிதிலையில் கன்னிமாடத்தில் நிற்கிற சீதையைத் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து ராமன் பாடுவது அது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்த ஒரு வாலிபனின் பாட்டு. எத்தனை பேருக்குத் தெரியும் என்று என் சினேகிதர்கள் வட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு பேரில் நாலு பேர் சீதை ராமனைப் பார்த்துப் பாடுவது என்றார்கள். இரண்டு பேர் ஏதோ ஒரு பெருமாள் மேல் என்றார்கள். மற்றவர்கள், "அருமையான பைரவி சார்" என்றார்கள். மராட்டிக்காரர்கள் பாட்டைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தபோது காட்சியையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாம் பாட்டை மட்டும் உள்ளே விட்டு, ராமனைத் தெருவிலேயே நிறுத்திவிட்டோம். எதிர் வீட்டு ஆஜியிடம் 'நாத ஹா மாஜா' யார் பாடுவது என்று கேட்டுப் பாருங்கள். எந்த அங்கம், எந்தப் பிரவேசம், அப்போது என்ன நடக்கிறது என்று கீரை ஆய்ந்துகொண்டே சொல்வார்.

இந்தக் கோடு இன்னும் அழியவில்லை என்பதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. என் பெண் நம்மவர்கள் நடத்தும் ஒரு போட்டிக்கு ஸ்வயம்வர் பாட்டு ஒன்றைத் தயார் செய்துகொண்டு போனாள். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா, ஆனா இது லைட் மியூசிக்" என்று பிரிவை மாற்றிப் போட்டார்கள். அங்கே அவளுக்குப் பின்னால் வந்த பையன் சினிமாப் பாட்டு பாடினான். பகலே பீம்பலாஸில் கட்டிய பாட்டு லைட் மியூசிக்! பெண் சமர்த்து, இரண்டாம் பரிசு டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாக்களில் இன்றும் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது, ஒரு ஊர் நாரதர், இன்னொரு ஊர் வள்ளி, வேறு ஊர் பபூன், அன்றைக்குத்தான் சந்திக்கிறார்கள். நடுராத்திரிக்கு மேல் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும். ஒரு தடவை லீவில் போனபோது சிவகங்கை ஜில்லாவில் ஒரு கிராமத்தில் மணல்மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மணிக்கு அந்த அம்மா கரஹரப்ரியாவில் ஒரு விருத்தம் எடுத்தார். தொண்டை கரகரத்துத்தான் இருந்தது. ஆனால் நாரதர் சொன்ன வார்த்தையையே பிடித்து, அதே ஸ்ருதியில், அதை அவர் மேலேயே திருப்பிப் போட்டார். ஆர்மோனியக்காரர் சிரித்துவிட்டார். பால கந்தர்வர் தட்டில் நான் தேடித்தேடிக் கேட்கிற சொல்லின் அழுத்தம் அது. அடுத்த நாள் அவருக்கு வேறு ஊரில் ஆட்டம். எந்த சபாவும் அவரைக் கூப்பிடப் போவதில்லை.

நிற்க. மராட்டி மேடைக்குத் திரும்புவோம். விழுந்த சங்கீத நாடகம் 1960-களில் மறுபடி எழுந்தது. அதற்கு முக்கியக் காரணம் கோவாக்காரரான ஜிதேந்திர அபிஷேகி. 1964-ல் 'மத்ஸ்யகந்தா', 1966-ல் 'யயாதி ஆணி தேவயானி', 1967 டிசம்பரில் 'கட்யார் காளஜாத் குஸலீ'. பாட்டின் எண்ணிக்கையைக் குறைத்தார், நீளத்தைக் குறைத்தார், தெற்கத்தி ராகங்களைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். என்னைக் கேட்டால் பகலேக்குப் பிறகு காட்சியைக் கேட்டு மெட்டுப் போட்டவர் இவர்தான்.

கட்யாரில் கதையே சங்கீதம். விஷ்ராம்பூர் சமஸ்தானத்தில் பண்டிட் பானுசங்கர் சாஸ்திரி, கான்சாஹேப் ஆஃப்தாப் ஹுசேன் என்று இரண்டு கரானா. தோற்றவரின் சிஷ்யன் சதாசிவன், ஜெயித்தவரின் வித்தையை மறைந்திருந்து கற்றுக்கொள்கிறான். 'கேயி சந்த மகரந்த' என்ற ஒரே பாட்டு இரண்டு கரானா நடையிலும் வருகிறது. ஒன்று நிதானம், சாலகவராளி என்று சொல்கிறார்கள், பெயரிலேயே நம் ஊர் வாசனை. மற்றது தானி, அதாவது கிட்டத்தட்ட நம் சுத்த தன்யாசி, துள்ளிப் பாய்வது. வார்த்தை ஒன்று, பாடுகிற மனிதர் வேறு. அதைப் பேசிப் புரியவைக்க வேண்டாம், காதே சொல்லிவிடும். சங்கீதப் போட்டி நாடகத்துக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரிந்து யாருக்கும் வரவில்லை.

கான்சாஹேப்பாக நடித்தவர் வசந்தராவ் தேஷ்பாண்டே. அதற்கு முன்னால் அவர் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வருஷக் கணக்காகக் குமாஸ்தா. அந்த ஆபீஸை நம்பித்தான் நம் ஆட்கள் ஒரு தலைமுறைக்கு முன் ராஸ்தா பேட்டையில் வந்து குடியேறினார்கள். லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த மனிதர் 47 வயதில் மேடையில் வந்து நின்று 'தேஜோநிதி லோஹகோல்' என்று லலித் பஞ்சமத்தில் எடுத்தால், சூரியன் கொட்டகைக்குள் வருகிற மாதிரி இருக்கும். குரல் சுத்தமான குரல் இல்லை. முரடு, திடீர்த் திருப்பங்கள். கான்சாஹேப்பின் கர்வத்துக்கு அந்த முரடுதான் தேவை.

2015-ல் இதைச் சினிமாவாக எடுத்தார்கள். பண்டிட்ஜியாக நடித்துப் பாடியவர் நம் செம்பூர் ஷங்கர் மகாதேவன். தமிழர் ஒருவர் மராட்டிப் பண்டிதராக வந்ததை இங்கே ஒருவரும் வித்தியாசமாக நினைக்கவில்லை என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம். படத்துக்கென்று போட்ட புதுப் பாட்டு ஒன்றுக்காக மகேஷ் காலேக்குத் தேசிய விருதும் கிடைத்தது. என் குறை ஒன்றுதான். கான்சாஹேப்பாக சச்சின் பில்காவ்கர் நடிக்க, குரல் வசந்தராவின் பேரன் ராகுல் தேஷ்பாண்டேயுடையது. இருவருமே நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் மூச்சு ஒருவருடையது, நெஞ்சு இன்னொருவருடையது. சங்கீத நாடகத்தில் மேல் ஷட்ஜமத்துக்குப் போகிறவரின் கழுத்து நரம்பு புடைப்பதை நாலாவது வரிசையிலிருந்து பார்க்கலாம். ராகுல் தேஷ்பாண்டே தானே மேடையில் கான்சாஹேப்பாக நடித்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2025 ஜனவரியில் மானாபமானும் படமாக வந்தது. பெரிய செட், பெரிய வாத்தியக்கோஷ்டி. டேம்பேயின் மெட்டு அத்தனை ஆடம்பரத்தைக் கேட்கவில்லை என்பது என் கட்சி.

புனே, மும்பையில் இருக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. குழந்தைகளை முதலில் சௌபத்ரவுக்கு அழைத்துப் போங்கள். கதை தெரிந்தது, சிரிக்க இடம் உண்டு. பரத நாட்ய மந்திரிலோ பால கந்தர்வ ரங்கமந்திரிலோ எப்போதாவது போடுவார்கள், மராட்டிப் பேப்பரில் நாடக விளம்பரப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, இடைவேளையில் பட்டாட்டா வடை கிடைக்கும். வீட்டில் கேட்க பால கந்தர்வரின் பழைய தட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், கீச்சென்ற சத்தத்தில் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். முதலில் கட்யார், வசந்தராவ் பாடியது. பிறகு குமார் கந்தர்வர். அவர் காதில் ஏறியபிறகு பால கந்தர்வர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கதையை இரண்டு நிமிஷம் சொல்லிவிட்டுப் போடுங்கள். மராட்டி புரியாவிட்டால் எதிர் வீட்டில் ஒரு ஆஜி இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு காபி கொடுத்தால் போதும், மிச்சத்தை அவரே பாடிக் காட்டிவிடுவார்.